ஜாஸ்பின் டீச்சரும் பர்டனும்

"கீழ வைக்கப்பிடாது. கையில வச்சுக்கிட்டே பேசணும்."

ஜாஸ்பின் டீச்சர் இதைச் சொல்லிவிட்டு அடுத்த சக்கையை எடுத்து அடுத்தவர் கையில் ஏற்றுகிறார். பலாப்பழத்துக்கு எங்கள் ஊரில் சக்கை என்று பேர். முள் குத்தாமலிருக்க அடியில் ஒரு பழந்துணி. வரிசையாக எட்டு நர்ஸுகள், எட்டுச் சக்கைகள். வார்டில் புதிதாகச் சேர்ந்த நோயாளியை எப்படி வரவேற்பார்கள் என்பதை ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். முதல் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். முறை நாலாவது ஆளிடம் வரும்போது தோள்கள் இறங்கியிருக்கும். கடைசியில் நிற்பவள் 'குட் மார்னிங்' என்பதையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள்.

"இப்பம் ஒங்க கையில இருக்கது என்ன?"

"பர்டன், டீச்சர்!" என்று பாரத்துக்கான ஆங்கிலச் சொல்லை எட்டுப் பேரும் சேர்ந்து சொல்வார்கள்.

"எல்லாரும் கீழ வைங்க. கை எப்பிடி இருக்கு?"

"லேசா இருக்கு."

"அப்பம் அது லோடு. வச்சா தீர்ந்துது. கீழ வச்ச பொறவும் எது எறங்கல்லியோ, அதுக்காக்கும் பர்டன்னு பேரு. மனசிலாச்சா?"

ஒரு நாள் என் பெரியம்மா மகள் லிஜா கையைத் தூக்கினாள். கழுதை முதுகில் ஏற்றுகிற மூட்டைக்கும் பர்டன் என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள். டீச்சர் அசரவில்லை. "போட்டிருக்கு. அதுவும் சரிதான். ஆனா கழுதை ஒனக்க வார்டுக்கு வராது. வரப்போறது வயசான ஆளுவளாக்கும். அவங்க வாயில அந்த வார்த்தை எதுக்கு வருதுன்னு பாரு."

லிஜாவை வண்டியில் கொண்டுவிடப் போன வகையில்தான் அந்த வகுப்பில் எனக்கு ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் ஆங்கில இலக்கியம். முதல் நாளே டீச்சரிடம் அதைச் சொல்லிவிட்டேன். "கொள்ளாம், நல்ல காரியம். அப்பம் இரி தம்பி" என்று ஸ்டூலைக் காட்டினார்.

குழித்துறையில் ஆற்றுப் பாலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாடி வீடு. மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் வகுப்பு. கரும்பலகை கிடையாது. கல்யாணத்துக்கும் இரங்கலுக்கும் ஊர் முழுக்கக் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பேனர்களை, காரியம் முடிந்ததும் கேட்டு வாங்கிவந்து, திருப்பிப் போட்டு மாட்டியிருக்கிறார். வெள்ளை முதுகில் மார்க்கரால் எழுதுவார். காற்று பலமாக அடித்தால் வினைச்சொற்கள் மேலே எழும்பும், அடியிலிருந்து யாரோ ஒரு மணமகன் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பான். மழை பிடித்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. டீச்சர் வகுப்பை நிறுத்தமாட்டார். "இதாக்கும் லிசனிங். ஆஸ்பத்திரியில இதவிட பெகளமா இருக்கும்" என்று வாசித்துக்கொண்டே போவார்.

அவருக்கு வயது முப்பத்திமூன்று. மஸ்கட்டில் நர்ஸாக இருந்தவர். மாமியார் இறந்த பிறகு, மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்துவிட்டார். கணவர் இன்னும் அங்கேதான். வெளிநாட்டுக்குப் போக நர்ஸுகள் எழுதவேண்டிய ஆங்கிலத் தேர்வுக்கு வாரம் மூன்று நாள் காலையில் பயிற்சி கொடுக்கிறார். மாணவிகளில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். வகுப்பில் அவர் அவர்களை அக்கா என்பார், அவர்கள் அவரை டீச்சர் என்பார்கள். இந்தக் கணக்கில் யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் பேசும் தமிழைக் கேட்டு மதுரைப் பக்கத்தார் மலையாளமா என்று கேட்பார்கள். டீச்சரின் ஆங்கிலத்திலும் அதே இழுவை உண்டு. வாக்கியத்தின் கடைசிச் சொல் ஒரு படி ஏறி நின்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அதை மாற்றவேண்டாமா என்று யாரோ கேட்டபோது அவர் சொன்னார்: "பாட்டு எனக்க. வார்த்தை அவங்களுக்க. ரெண்டும் இருக்கட்டும். பாட்டுக்கு அவங்க மார்க் கொறைக்க மாட்டாங்க."

மார்க் போடுகிற பழக்கம் வகுப்போடு நிற்பதில்லை. சந்தையில் கிழங்கு விற்பவர், ஆட்டோக்காரர், மருந்துக் கடைக்காரர் யாருக்கும் தப்பில்லை. பாலத்தில் வண்டிகள் முட்டி நின்றபோது ஆட்டோ ஓட்டுகிற முருகதாஸ், "டெய்லி இது ஒரு பர்டன் டீச்சரே" என்றார். "இல்ல அண்ணா, இது தொல்லை. பாலம் தாண்டினா தீர்ந்துது." கொஞ்ச தூரம் போனதும் அவர் சும்மா இருக்கமாட்டாமல், "எனக்க பெஞ்சாதி?" என்றார். "அக்கா ஆயுசுக்கும் கூட இருப்பாங்களா?" "பின்னே?" "அப்பம் ஒங்களத்தான் பர்டன்னு அவங்க சொல்லணும். கேட்டுப் பாரும்." வீட்டு வாசலில் இறக்கிவிடும்வரை முருகதாஸ் சிரித்துக்கொண்டே வந்ததாக, கூடப் போன லிஜா சொன்னாள்.

இவ்வளவு கறாரானவருக்கு ஒரு மாணவி பெரிய சோதனையாக வந்து சேர்ந்தார். பூங்கனி. நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர். நரம்பு கிடைக்காத கையிலும் ஊசியை ஏற்றிவிடுவார். எழுத்து, வாசிப்பு, கேட்டல் மூன்றிலும் தேவையான 'பி' கிரேடு. பேச்சுத் தேர்வில் மட்டும் இரண்டு முறை தோல்வி. அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவருக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லிக் காத்திருந்தது. வருகிற சனிக்கிழமை தேர்விலும் தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று அங்கிருந்து தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

பேச்சுத் தேர்வில் தேர்வாளர் நோயாளியாக நடிப்பார், எழுதுகிறவர் நர்ஸாகப் பேசவேண்டும். எங்கே சிக்கல் என்று டீச்சர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். லிஜாவை நோயாளியாக உட்காரவைத்தார். லிஜா குரலை நடுங்கவிட்டு, "பிள்ளைகளுக்கு நான் ஒரு பர்டன் ஆகிவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவ்வளவுதான். பூங்கனியின் புருவம் ஏறியது. "அப்படியெல்லாம் பேசக் கூடாது! யார் சொன்னது? பேசாமல் படுங்கள்! மாத்திரை எங்கே?" எல்லாம் பிழையில்லாத ஆங்கிலம். லிஜா உண்மையாகவே பின்னால் சாய்ந்துவிட்டாள்.

"அக்கா, ஏசக் கூடாது" என்றார் டீச்சர்.

"நான் எங்க ஏசினேன்? ஆறுதல் இல்லியா சொன்னேன்!"

பூங்கனி பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வயதானவர், 'நான் ஒங்களுக்குப் பாரமாயிட்டேன்' என்று சொன்னால் உடனே ஏசவேண்டும். உரக்க, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி. அந்த ஏச்சைக் கேட்கத்தான் அவரும் சொல்கிறார். ஏச்சு முடிந்ததும் முகம் தெளிந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுப்பார். வேறு யாரும் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பழகியதுதான். அதைத்தான் பூங்கனி கேட்டார்.

"டீச்சரே, அவரு அப்பிடி சொல்லும்போ நான் ஏசாம இருந்தா, ஆமான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாதா?"

வகுப்பு முழுக்க டீச்சரைப் பார்த்தது. அது எல்லார் மனதிலும் இருந்த கேள்வி.

"இங்க அப்பிடித்தான்" என்றார் டீச்சர். "அங்க ஏசினா, வாய மூடுன்னு சொன்னதா ஆவும். அவரு ஒரு மூட்டய எறக்கி ஒங்க முன்னால வைக்காரு. நீங்க தொறந்துகூட பாக்காம, திரும்பவும் அவருக்க தலையிலேயே தூக்கி வைக்கீங்க."

"பின்ன என்னதான் செய்யது?"

"ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருங்க. பொறவு, எப்பம் இருந்து இப்பிடி தோணுதுன்னு கேளுங்க. அவ்வளவுதான்."

சும்மா இருப்பதுதான் பூங்கனிக்கு வரவில்லை. நோயாளியின் வாயில் அந்தச் சொல் வந்ததும் ஆள்காட்டி விரல் நீண்டுவிடும். ஒருமுறை உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், மூக்கு வழியாகச் சீறல் வந்தது. இன்னொரு முறை, "நீங்கள் பர்டன் இல்லவே இல்லை" என்று அழகாகச் சொன்னார். டீச்சர் அதற்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். "அது பூ போட்ட ஏச்சு."

இதில் டீச்சருக்கே ஒரு சங்கடம் இருந்தது, அது வகுப்புக்கே தெரியும். கீழ்வீட்டில் மாமனார் செல்வதாஸ் கட்டிலில் இருந்தார். இளவயதில் டாக்ஸி ஓட்டியவர். வெள்ளைக்காரர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போய், மரவேலைகளைக் காட்டிக் காட்டி ஆங்கிலம் படித்தவர். போன வருடம் குளிமுறியில், அதாவது குளியலறையில், வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்தாகிவிட்டது. பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் நடப்பார். ஒவ்வொரு நாளும் காலை உணவின்போது, "நான் ஒனக்குப் பாரமாயிட்டேன் மக்களே" என்று ஆரம்பிப்பார். "பேசாம கெடயும் மாமா! காலையிலேயே தொடங்கியாச்சு! தின்னும் முதல்ல!" என்று டீச்சரின் குரல் படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறிவரும். "டீச்சருக்கு இண்ணைக்கும் ஃபெயிலு" என்பாள் லிஜா. டீச்சர் மேலே வரும்போது எல்லாரும் புத்தகத்துக்குள் தலையை விட்டிருப்பார்கள்.

தேர்வுக்கு முந்தின வியாழக்கிழமை. பூங்கனி அன்றும் இரண்டு முறை ஏசிவிட்டார். "எனக்கு முடியாது டீச்சரே. இவளுவ மொகத்தப் பாத்தா நடிப்புன்னு தெரியுது, ஏசத்தான் வருது" என்று சுவரில் சாய்ந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. டீச்சர் மார்க்கரை மூடி வைத்தார். பிறகு, "எல்லாரும் கீழ எறங்குங்க" என்றார். "நடிக்கத் தெரியாத ஆளு ஒருத்தரு உண்டு."

செல்வதாஸுக்கு ஒரே உற்சாகம். சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வயதான நோயாளி, இடுப்பு எலும்பு முறிந்தவர், மகள் வீட்டுக்குப் போக மறுக்கிறார் என்று டீச்சர் விளக்கினார். "இதுல நடிக்க என்ன கெடக்கு?" என்றார் செல்வதாஸ். பூங்கனி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் கதவருகே நெருக்கியடித்து நின்றோம்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்," என்று செல்வதாஸ் பழக்கதோஷத்தில் தொடங்கினார். சிரிப்பு அடங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: மகளுக்கு ஆயிரம் வேலை இருக்கிறது, நான் அவளுக்கு ஒரு பர்டன்.

பூங்கனியின் வாய் திறந்தது. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மூடியது. கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

ஏச்சு வரவில்லை. செல்வதாஸ் காத்திருந்தார். ஏச்சு வருகிற திசையில் முகத்தைத் திருப்பிக்கூட வைத்திருந்தார். வராததால் அவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். போர்வையின் ஓரத்தை நிமிண்டினார். பூங்கனி மெதுவாக, எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பதில் தமிழில் வந்தது.

"வகுப்பு தொடங்கின நாள் முதலு" என்றார் செல்வதாஸ். "காலையில ஒரு கிளாஸ் வெள்ளம் குடிச்சா பத்து மணிக்கு மூத்திரம் முட்டும். அப்பம் இவ மேல பாடம் எடுப்பா. விளிச்சா எறங்கி வருவா. அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதனால குடிக்கல்ல. வகுப்பு முடிஞ்சு சோறு திங்கும்போதான் குடிப்பேன்."

"மாமா! இது என்ன வேல நீரு—" டீச்சர் கதவருகிலிருந்து பாய்ந்து வந்தார்.

பூங்கனி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் காட்டினார். டீச்சர் நின்றுவிட்டார்.

"அப்பம் காலையில உள்ள மாத்திர?" என்று பூங்கனி கேட்டார். அவரும் தமிழுக்கு வந்திருந்தார். சொல்லும்போதே நர்ஸின் விரல்கள் கிழவரின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தன. கிள்ளிய இடம் உடனே தாழவில்லை, உடம்பில் தண்ணீர் போதவில்லை.

"அதும் மத்தியானம்தான்."

"ஒங்களுக்கு எப்பிடிச் செஞ்சா சரியா இருக்கும்?"

இந்தக் கேள்வியை யாரும் இதுவரை அவரிடம் கேட்டதில்லை போலும். செல்வதாஸ் தலையணையைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் விளிக்க மாட்டேன். எனக்கு அது வராது. ஆனா நடுவுல ஒரு தடவ வந்து யாராவது கேட்டா, போணும்னு சொல்லுவேன்."

லிஜா மூக்கை உறிஞ்சினாள். பூங்கனி எழுந்து, டீச்சரின் பக்கம் திரும்பி, "இப்பம் சரியா டீச்சரே?" என்று கேட்டார். அவர் உண்மையாகவே தேர்வைத்தான் கேட்டார். ஜாஸ்பின் டீச்சர் ஆமென்று தலையை ஆட்டினார். அன்று மார்க் சொல்லவில்லை.

சனிக்கிழமை பூங்கனி திருவனந்தபுரம் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டால், "ஏசல்ல" என்று மட்டும் சொன்னார். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

அடுத்த வாரமே வகுப்பு கீழ்வீட்டு முன்னறைக்கு இறங்கிவிட்டது. செல்வதாஸின் கட்டில் பக்கத்து அறையில், கதவு திறந்தபடி. மாடிப்படி ஏறினால் முட்டு வலிக்கிறது என்று டீச்சர் காரணம் சொன்னார். அவருக்கு முட்டு வலி இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. காலை பத்து மணி வாக்கில் எல்லாருக்கும் ஒரு இடைவேளை என்றும் அறிவித்தார். "நர்ஸுகளுக்கு இதில்லாம சிறுநீரகத்துல கல்லு வரும். போயிட்டு வாங்க, கட்டன் சாயா குடிங்க." எல்லாரும் எழுந்து கலைகிற அந்தக் களேபரத்தில் அவர் உள்ளே போய், "மாமா, போணுமா?" என்று கேட்பார். உள்ளே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. லிஜா வேண்டுமென்றே உரக்கப் பேசுவாள்.

காலை உணவு நேரத்து ஏச்சு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். வாரத்துக்கு ஒன்றிரண்டு இன்னமும் கேட்கிறது. ஆனால் இப்போதெல்லாம் ஏச்சு முடிந்ததும் பக்கத்து அறையில் நாற்காலி கட்டிலோரம் இழுபடும். பிறகு தணிந்த குரலில், "இனி சொல்லும். என்ன விஷயம்?" என்பது கேட்கும். செல்வதாஸின் பதில் நீளமாக இருக்கும். டீச்சர் சில நாள் வகுப்புக்குத் தாமதமாக வருவது அதனால்தான்.

முடிவு வந்தது ஒரு இடைவேளையின்போது. சாயா ஆற்றிக்கொண்டிருந்தோம். டீச்சர் மாமனாரைப் பிடித்தபடி அறையிலிருந்து குளிமுறிப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய வலக்கை டீச்சரின் கழுத்தைச் சுற்றியிருந்தது, டீச்சரின் இடக்கை அவருடைய இடுப்பில். மேசையில் இருந்த டீச்சரின் போன் அடித்தது. எட்டிப் பார்த்த லிஜா, "பூங்கனியக்கா!" என்று கத்தினாள்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றார் டீச்சர்.

"டீச்சரே! கெடச்சாச்சு! பேச்சுலயும் பி! நாலுலயும் பி!" போனைப் பிய்த்துக்கொண்டு பூங்கனியின் குரல் வந்தது. "டீச்சரே, கேக்குதா? டீச்சரே!"

அறை முழுக்கக் கூச்சல். யாரோ டம்ளரைக் கொட்டினார்கள். செல்வதாஸ், "நானாக்கும் அவள பாஸாக்கினது!" என்று டீச்சரின் கழுத்திலிருந்து கையை எடுத்து மேலே வீசினார். ஒரு நொடி ஆடிப்போனார். டீச்சர் அவரை இழுத்துத் தன் விலாவோடு சேர்த்துக்கொண்டார். அந்தக் கையை எடுத்து மறுபடியும் தன் கழுத்தில் போட்டார்.

"டீச்சரே, எங்க போனீங்க? ஒண்ணு பேசுங்க!"

"எட்டி லிஜா, டீச்சர் இப்பம் வருவாங்கன்னு சொல்லு" என்றார் ஜாஸ்பின் டீச்சர். கண்ணில் வந்ததைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. குனிந்து, மாமனாரின் வலது காலைப் பிடித்து, குளிமுறி வாசற்படிக்கு அந்தப் பக்கம் எடுத்து வைத்தார்.